மருந்தகக் கட்டணம்: பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி. பிள்ளைக்குக் காய்ச்சல். பலதுறை மருந்தகம் மூடிக் கிடக்கிறது. புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள தனியார் மருந்தகத்தில் மட்டும் விளக்கு எரிகிறது. மருத்துவர் பிள்ளையைப் பரிசோதிக்கிறார், மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு ஒரு சோதனை செய்கிறார், நான்கு புட்டி மருந்து எழுதுகிறார். முகப்பு ஊழியர் சொல்லும் தொகை, பெற்றோர் மனத்தில் போட்டு வைத்திருந்த கணக்கைவிட இரண்டு மடங்கு. தோளில் பிள்ளை அழுகிறது, பின்னால் வரிசை நிற்கிறது. அட்டையைத் தட்டிவிட்டு வெளியேறுகின்றனர். 'எதற்கு இவ்வளவு?' என்ற கேள்வி, வீட்டுக்கு வந்து ரசீதைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் எழுகிறது.

ஈசூன், செங்காங், ஜூரோங், தேக்கா என்று எந்த வட்டாரமானாலும் சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இது பழகிய அனுபவம். 'டாக்டரிடம் போய்க் காசைப் பற்றிப் பேசுவதா' என்று பலர் அப்படியே விட்டுவிடுகின்றனர். ஆனால், சிங்கப்பூரின் மருத்துவக் கட்டண முறையைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அக்கம்பக்கத் தனியார் மருந்தகங்களின் கட்டணத்துக்கு அரசாங்கம் நிர்ணயித்த விலை இல்லை. அதைக் கட்டுக்குள் வைக்க மிஞ்சியிருக்கும் முக்கியக் கருவி, நோயாளியின் கேள்விதான்.

வழிகாட்டி விலை இருந்த காலம்

எப்போதும் இப்படி இருந்ததில்லை. மருத்துவர்கள் எந்தச் சேவைக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதற்குச் சிங்கப்பூர் மருத்துவச் சங்கம் 1987ஆம் ஆண்டு முதல் கட்டண வழிகாட்டி வெளியிட்டு வந்தது. அது சட்டம் அல்ல. ஆனாலும், மருத்துவருக்கும் நோயாளிக்கும் பொதுவான ஓர் அளவுகோலாக இருந்தது. 'சங்கம் சொல்வதைவிட அதிகமாக இருக்கிறதே' என்று கேட்க ஒரு பிடிமானம் இருந்தது.

2007 ஏப்ரலில் சங்கம் அந்த வழிகாட்டியை மீட்டுக்கொண்டது. ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடி விலையைப் பரிந்துரைப்பது போட்டித்தன்மைச் சட்டத்துக்கு முரணாகலாம் என்ற கவலையே காரணம். சந்தையில் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையமும் 2010இல் அதே கருத்தை உறுதிப்படுத்தியது. விலையைப் போட்டியே சீர்செய்யும் என்பது அதன் அடிப்படை வாதம்.

காய்கறிக் கடையில் இந்த வாதம் பொருந்தும். தேக்கா சந்தையில் ஒரு கடையில் முருங்கைக்காய் விலை அதிகம் என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். காய்ச்சலில் துவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று மருந்தகங்களில் விலை விசாரிக்க எந்தப் பெற்றோரும் போவதில்லை. போட்டி வேலை செய்ய வேண்டுமானால் விலை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நீதிமன்றம் சொன்னது

கட்டணத்துக்கு உச்சவரம்பு இல்லை என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாமா? இல்லை என்று சிங்கப்பூர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

புருணை அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு 2007ஆம் ஆண்டில் அளித்த சில மாதச் சிகிச்சைக்காக அறுவை மருத்துவர் டாக்டர் சூசன் லிம் ஏறத்தாழ 24 மில்லியன் வெள்ளி கட்டணம் விதித்தார். சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு 2012இல் அவரை 94 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. மூன்றாண்டுத் தொழில் தடையும் 10,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டை விசாரித்த மூன்று நீதிபதிகள் அமர்வு 2013இல் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. நோயாளியுடன் என்ன ஒப்பந்தம் இருந்தாலும், நியாயமான கட்டணம் வாங்கும் நெறிமுறைக் கடமை மருத்துவருக்கு உண்டு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

கோடிக்கணக்கான வெள்ளி ரசீதுக்கும் பேட்டை மருந்தக ரசீதுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஆனால், கொள்கை ஒன்றுதான். 'கொடுக்க ஒப்புக்கொண்டாரே' என்பது மட்டுமே ஒரு கட்டணத்தை நியாயமாக்கிவிடாது.

அந்த வழக்கு நியாயமான கட்டணம் எது என்ற கேள்வியைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. அளவுகோல் இல்லாத குறையைப் போக்க, சுகாதார அமைச்சு அமைத்த குழு 2018 நவம்பரில் கட்டண அளவுகோல்களை வெளியிட்டது. தனியார் துறையில் பரவலாகச் செய்யப்படும் 222 சிகிச்சைமுறைகளுக்கு அறுவை மருத்துவர் வாங்கக்கூடிய நியாயமான கட்டண வரம்பு அதில் உண்டு. பின்னர், மயக்க மருத்துவர் கட்டணம், தனியார் மருத்துவமனைக் கட்டணம் ஆகியவற்றுக்கும் அது விரிவடைந்தது. மூட்டு மாற்று அறுவைக்கும் கண்புரை அறுவைக்கும் எவ்வளவு நியாயம் என்று இன்று அமைச்சின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையின் சளிக்காய்ச்சலுக்குக் குடும்ப மருத்துவர் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு அங்கே அளவுகோல் இல்லை. ஒருவர் வாழ்நாளில் ஓரிரு முறை செய்துகொள்ளும் சிகிச்சைக்கு அளவுகோல் இருக்கிறது. ஆண்டுக்குப் பத்து முறை போகக்கூடிய இடத்துக்கு இல்லை.

ரசீதுக்குள் என்ன இருக்கிறது?

எதிர்பாராத தொகை பெரும்பாலும் மருத்துவர் பார்க்கும் கட்டணத்தால் மட்டும் வருவதில்லை. அது பல சிறு தொகைகளின் கூட்டல். வார இறுதி, இரவு நேரம், பொது விடுமுறை ஆகியவற்றுக்குக் கூடுதல் கட்டணம் இருக்கலாம். சளிக்காய்ச்சல் அல்லது டெங்கிச் சோதனைக்குத் தனிக் கட்டணம். மூச்சிரைப்புக்கு மருந்தை ஆவியாகக் கொடுத்தால் அதற்கு ஒன்று. ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு விலை. கடைசியில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி.

இந்த வரியைப் பற்றி ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. ஆண்டு வருவாய் ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாத மருந்தகம் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு செய்யாத மருந்தகம் அந்த வரியை வசூலிக்கக் கூடாது. பதிவு செய்த மருந்தகம், பொதுமக்களுக்குக் காட்டும் அல்லது சொல்லும் விலையில் வரியையும் சேர்த்தே காட்ட வேண்டும். முகப்பில் ஒரு விலை சொல்லிவிட்டுக் கடைசியில் 'வரி தனி' என்பது முறையல்ல.

மருந்து விலைக்குப் பின்னால் இன்னொரு காரணம் உண்டு. சிங்கப்பூரில் மருந்து எழுதுபவரும் அதை விற்பவரும் பெரும்பாலும் ஒரே மருந்தகம்தான். தமிழ்நாட்டில் டாக்டர் சீட்டு எழுதித் தருவார், வெளியே மருந்துக்கடையில் வாங்கிக்கொள்வார்கள். தென்கொரியாவிலும் முன்பு சிங்கப்பூர்போல் ஒரே இடத்தில்தான் நடந்தது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் இரண்டையும் பிரித்தபோது மருத்துவர்கள் வேலைநிறுத்தமே செய்தனர். ஒரே கூரையின்கீழ் எல்லாம் கிடைப்பது, நோயுற்ற பிள்ளையோடு வருபவருக்கு வசதிதான். அதே நேரம், மருந்து எழுதும் கையும் விற்கும் கையும் ஒன்றாக இருக்கும் இடத்தில் 'இந்த நான்கும் அவசியமா, டாக்டர்?' என்று கேட்பது இயல்பான கேள்வி. சாதாரணச் சளி பெரும்பாலும் கிருமிகளில் வைரஸ் வகையால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் பயன் தராது. எனவே, இது பணத்தைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல, பிள்ளையின் நலனைப் பற்றியதும்கூட. மருந்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே மருந்துக்கடையில் வாங்கவும் பெற்றோர் கேட்கலாம்.

மருத்துவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. தாதியர் சம்பளம், மருந்துக் கொள்முதல், இரவு நேரச் செலவு எல்லாம் ஏறியுள்ளன. வாடகை அதைவிடப் பெரிய சுமை. 2025இல் தெம்பனிஸில் வீவக மருந்தக இடம் ஒன்றுக்கு மாதம் 52,000 வெள்ளிக்கும் மேல் ஏலம் கேட்கப்பட்டது பெரும் விவாதமானது. அவ்வளவு வாடகை கொடுப்பவர் அதை எங்கிருந்து எடுப்பார் என்ற கேள்வி எழுந்தது. வாடகைத் தொகையை மட்டும் பாராமல், மருந்தகம் தரப்போகும் சேவையின் தரத்தையும் கணக்கில் கொண்டு இடத்தை ஒதுக்கும் முறையை வீவகவும் சுகாதார அமைச்சும் அதே ஆண்டு முன்னோட்டமாகத் தொடங்கின. பிள்ளையின் ரசீதில் தெரியாத வரி ஒன்று உண்டென்றால் அது கடை வாடகைதான்.

அட்டை இருந்தும் ஏன்?

'சாஸ் அட்டை இருக்கிறதே, பிறகு ஏன் இவ்வளவு?' என்று கேட்கும் பெற்றோர் அதிகம். சாஸ் எனப்படும் சமூக சுகாதார உதவித் திட்டம் சிங்கப்பூரர்களுக்கு மட்டுமே உரியது. சளி, இருமல் போன்ற சாதாரண நோய்களுக்கு நீல அட்டைக்கு ஒரு முறைக்கு 18.50 வெள்ளி வரையும் ஆரஞ்சு அட்டைக்கு 10 வெள்ளி வரையும் கழிவு கிடைக்கும். பச்சை அட்டைக்குச் சாதாரண நோய்களில் கழிவு இல்லை. கழிக்கப்படும் தொகைக்குத்தான் வரம்பு உண்டு. மருந்தகம் போடும் மொத்தத் தொகைக்கு வரம்பு இல்லை. ஆகவே, ஒரே அட்டையோடு இரண்டு மருந்தகங்களுக்குப் போனால் கையிலிருந்து கொடுக்கும் பணம் வெவ்வேறாக இருக்கும்.

நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகத்தில் ஓரளவு சலுகை உண்டு. ஆனால், சாஸ் கிடையாது. சார்ந்தோர் அனுமதி அட்டையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டும் இல்லை. தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்து குடும்பத்தோடு இங்கு வாழ்பவர்கள் முதன்முறை ரசீதைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். நிறுவனக் காப்புறுதி ஊழியருக்கு மட்டுமா, பிள்ளைக்கும் சேர்த்தா என்பதை நோய் வருவதற்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது.

மெடிசேவ் பணத்தைச் சாதாரணக் காய்ச்சலுக்குப் பயன்படுத்த முடியாது. ஆனால், பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் உள்ள பணத்தை அதற்கென அங்கீகாரம் பெற்ற மருந்தகங்களில் செலுத்தலாம். அந்தக் கணக்கு பாலர் பள்ளிக்கு மட்டும்தான் என்று நினைத்துக் கையிலிருந்து கொடுப்பவர்கள் உண்டு.

அரசாங்கம் நினைத்தால் கட்டணத்தை ஒரே சீராக்க முடியும் என்பதற்கு இரண்டு சான்றுகள் இருக்கின்றன. கொவிட்-19 பரவிய 2020 பிப்ரவரியில், குறிப்பிட்ட தனியார் மருந்தகங்களில் சளி, காய்ச்சலுக்கு வரும் சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் 10 வெள்ளி கொடுத்தால் போதும் என்று அறிவிக்கப்பட்டது. முன்னோடித் தலைமுறையினருக்கும் மெர்டேக்கா தலைமுறையினருக்கும் 5 வெள்ளி. முகப்பில் யாரும் தொகையைக் கேட்டுத் திகைக்கவில்லை. இரண்டாவது, தேசிய அட்டவணையில் உள்ள சிறார் தடுப்பூசிகள். 2020 நவம்பர் முதல் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகங்களிலும் சாஸ் மருந்தகங்களிலும் அவை முழுச் சலுகையுடன் கிடைக்கின்றன. சாஸ் திட்டத்தில் இல்லாத தனியார் குழந்தை மருத்துவரிடம் அதே ஊசியைப் போட்டால் கட்டணம் உண்டு. 'ஊசி இலவசம்தானே' என்று போய் ரசீதோடு திரும்புபவர்கள் தவறவிடும் வேறுபாடு அது.

கேட்கத் தயங்குவது ஏன்?

தமிழ்க் குடும்பங்களில் மருத்துவருக்குத் தனி மரியாதை உண்டு. பிள்ளையைக் காப்பாற்றுபவரிடம் காசுக் கணக்குப் பார்ப்பது அழகல்ல என்று வளர்ந்தவர்கள் பலர். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளையை மருந்தகத்துக்கு அழைத்துப் போவது பெரும்பாலும் பாட்டியோ தாத்தாவோதான். ரசீது ஆங்கிலத்தில், சுருக்கெழுத்துகளில் இருக்கிறது. மருந்தின் பெயரா சோதனையின் பெயரா என்றே அவர்களால் பிரித்தறிய முடிவதில்லை. கேள்வி கேட்பதற்கு மொழியும் ஒரு தடை.

விவரமான ரசீது கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவில் நடந்த ஒரு துயரம் பாடம். 2017இல் டெல்லிக்கு அருகே உள்ள குருகிராமில் டெங்கியால் பாதிக்கப்பட்ட 7 வயதுச் சிறுமி சுமார் இரண்டு வாரச் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தாள். குடும்பத்திடம் கிட்டத்தட்ட 16 லட்சம் ரூபாய் வசூலிக்கப்பட்டது. ரசீதின் விவரங்கள் பொதுவெளிக்கு வந்ததும் நாடெங்கும் கொந்தளிப்பு. இந்தியாவின் தேசிய மருந்து விலை ஆணையம் தலைநகர் வட்டாரத்தில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் ரசீதுகளை ஆராய்ந்தது. சில பொருள்களில் 1,700 விழுக்காட்டுக்கும் மேல் லாபம் வைக்கப்பட்டதாக 2018 பிப்ரவரியில் அது தெரிவித்தது. சிங்கப்பூரின் பேட்டை மருந்தகத்தை அதனோடு ஒப்பிட முடியாது. ஆனால், மொத்தத் தொகை மட்டும் எழுதிய சீட்டாக இருந்திருந்தால் அங்கே எந்த விசாரணையும் நடந்திருக்காது.

அமெரிக்கா அந்தச் சுமையை நோயாளியின் தோளிலிருந்து ஓரளவு இறக்கியிருக்கிறது. அங்கே 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள சட்டம், காப்புறுதி இல்லாத நோயாளிக்கு உத்தேசக் கட்டணத்தை முன்கூட்டியே எழுதித் தரும் பொறுப்பைச் சிகிச்சை தருபவரிடம் வைத்துள்ளது.

எப்போது, எப்படிக் கேட்பது?

சிங்கப்பூரிலும் நோயாளிக்கு உரிமை இல்லாமல் இல்லை. மருந்தகங்கள் வழக்கமான கட்டணங்களை நோயாளிகள் அறியும்படி வைத்திருக்க வேண்டும், கேட்டால் விவர ரசீது தர வேண்டும் என்பது உரிம விதிகளின் எதிர்பார்ப்பு. சாஸ் மருந்தகம் என்றால் கழிக்கப்பட்ட சலுகைத் தொகையும் ரசீதில் தெரிய வேண்டும்.

கேட்பதற்கு ஏற்ற நேரம் பணம் கட்டும்போது அல்ல, பதிவு செய்யும்போது. 'பார்ப்பதற்கு எவ்வளவு? இந்த நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் உண்டா? சாஸ் எவ்வளவு கழியும்?' என்ற மூன்று கேள்விகளும் முகப்பில் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மருத்துவர் அறையில் கேட்க வேண்டியவை இன்னும் இரண்டு: 'இந்தச் சோதனையின் முடிவால் சிகிச்சை மாறுமா? வீட்டில் பாராசிட்டமால் இருக்கிறது, அதையே கொடுக்கலாமா?' இப்படிக் கேட்டால் நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். பாட்டி அழைத்துப் போகிறார் என்றால் இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பலாம்.

பணம் கட்டிய பிறகு ஐயம் எழுந்தாலும் நேரம் கடந்துவிடவில்லை. விவர ரசீதை வாங்கிக்கொண்டு மறுநாள் மருந்தகத்தை அழைத்து, எந்த வரி புரியவில்லையோ அதை மட்டும் கேட்பது பயன் தரும். தவறாகச் சேர்க்கப்பட்ட மருந்தோ, கழிக்க மறந்த சலுகையோ அந்த ஓர் அழைப்பிலேயே சரியாகிவிடலாம். அங்கே விளக்கம் கிடைக்காவிட்டால் சுகாதார அமைச்சிடமும் பயனீட்டாளர் சங்கமான கேஸிடமும் முறையிடலாம். பணத்தைத் திரும்பக் கோர 20,000 வெள்ளி வரையிலான தொகைக்குச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். மருத்துவரின் நடத்தையைப் பற்றிய கடும் புகார்களுக்கே சிங்கப்பூர் மருத்துவ மன்றம். முப்பது வெள்ளிக் கணக்குக்கு அந்தக் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

பயம் தாமதமாகக் கூடாது

ரசீதைப் பற்றிய பேச்சில் பெரிய ஆபத்து ஒன்று மறைந்திருக்கிறது. ஒருமுறை எதிர்பாராமல் பெருந்தொகை கட்டிய குடும்பம், அடுத்த முறை 'இன்னும் ஒரு நாள் பார்ப்போம்' என்று தள்ளிப்போடும். மூன்று மாதம் நிறையாத கைக்குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மூச்சுத் திணறல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத சோர்வு, பல மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை ஆகியவையும் அப்படித்தான். அப்போது கட்டணக் கேள்விக்கு இடமில்லை. நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை 1924 முதல் பிரசவ மருத்துவமனையாக இயங்கி, தீவின் பல தலைமுறைகளைப் பெற்றெடுத்த இடம். இன்று பாட்டியாக இருப்பவரும் அவர் தோளில் தூங்கும் பேரப்பிள்ளையும் அங்கேயே பிறந்திருப்பார்கள். கடும் நோய்க்கு அந்த வாசல் எந்நேரமும் திறந்திருக்கும். ஆனால், லேசான சளிக்கு அவசரப் பிரிவு மலிவான மாற்றுவழி அல்ல. அங்கே கட்டணம் பலதுறை மருந்தகத்தைவிடப் பல மடங்கு. நோயின் தீவிரத்தைப் பொறுத்தே வரிசை என்பதால் காத்திருப்பும் நீளும்.

பெற்றோரின் கேள்வியை மட்டும் நம்பி ஒரு கட்டண முறை நெடுநாள் நிற்க முடியாது. குடும்ப மருத்துவரின் கட்டணத்துக்கும் ஓர் அளவுகோல், முகப்பில் நான்கு மொழிகளிலும் கட்டணப் பலகை, பாட்டிக்கும் புரியும் ரசீது ஆகியவை வந்தால் சுமை குறையும். அறுவை சிகிச்சைக்குச் செய்ய முடிந்தது அதற்கு முடியாமல் போகாது. அதுவரை, பதிவு செய்யும்போதே 'மொத்தம் எவ்வளவு ஆகும்?' என்று கேட்கும் ஒவ்வொருவரும், தமக்குப் பின்னால் வரிசையில் நிற்பவருக்காகவும் சேர்த்தே கேட்கிறார்.